ஆயுதங்களோடு உட்கார்ந்த நாள்

என்னைத் திட்டுவதற்கு எனக்கு வெளியாள் தேவைப்பட்டதே இல்லை. அந்த வேலையை நானே கச்சிதமாகப் பார்த்துக்கொண்டேன். காலையில் இடுக்கியைக் காணவில்லை என்றால், "மூதேவி, எங்கன வச்சித் தொலச்சே?" என்று என்னையே கேட்பேன். குழம்பில் உப்பு கூடிவிட்டால், "தரித்திரம் பிடிச்சவளே" என்பேன். துவைத்த துணி மடிக்கப்படாமல் நாற்காலியில் குவிந்து கிடப்பதைப் பார்த்தால், "இதெல்லாம் ஒரு வீடா, நானெல்லாம் ஒரு பொம்பளையா" என்று தொடங்கி அடுக்களைக்குப் போய்ச் சேரும்வரை நடக்கும். எல்லாம் சத்தமாகத்தான். வீட்டில் இருந்தவர்களுக்கு அது காலை நேர ரேடியோ மாதிரி பழகிப்போயிருந்தது. யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தில்லி லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு, கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. என் கணவருக்கும் எனக்கும் மத்திய சர்க்கார் வேலை, வேறு வேறு அமைச்சகங்களில். ஒரே மகள், நகருக்குள்ளேயே இருந்த தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மகள் தில்லியிலேயே பிறந்தவள். எங்களிடம் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, கோபம் வந்தால் இரண்டையும் பிசைந்து பேசுவாள்.

காலை வேளை ஒரு போர். குழாயில் தண்ணீர் விடியும்போது கொஞ்ச நேரம்தான் வரும். அதற்குள் டிரம்களை நிரப்ப வேண்டும், துணியை அலச வேண்டும், மூன்று டிபன் டப்பா கட்ட வேண்டும். அதன்பின் தெருமுனைக்கு ஓட வேண்டும். அங்கே சார்ட்டர்டு பஸ் வந்து நிற்கும். மாதச் சந்தா கட்டிய அலுவலர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் தனியார் பஸ் அது. மாமனார் வந்தாலும் காத்திருக்காது. இந்தப் போரில் பாதி நேரம் எனக்குத் தேடுவதிலேயே போகும். கத்தரிக்கோல், மூடி, மகளின் டை, என் அடையாள அட்டை, கணவரின் ஸ்கூட்டர் சாவி. கணவர் எதையும் தேடமாட்டார். நடுக்கூடத்தில் நின்று, "எங்க?" என்று ஒரு சொல் சொல்வார். நான் கண்டுபிடித்துத் தருவேன், திட்டிக்கொண்டே. அவரையல்ல, என்னை.

ஆனால் ஆபீஸில் நான் வேறு ஆள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிக்கலான குறிப்பு எழுத வேண்டுமென்றால் பிரிவு அதிகாரி என் மேஜைக்குத்தான் அனுப்புவார். ஜன்னலோரத்தில் என் நாற்காலி. அதில் உட்கார்ந்ததும் எனக்கு முதுகு நேராகும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சம்பளத்துக்காக மட்டும் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன், அது பொய்.

அந்த வேலையைத்தான் விடுவதாக முடிவு செய்தேன்.

காரணம் ஒரு பால் பாத்திரம். செப்டம்பரில் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டேன். பால் வற்றி, பாத்திரம் கருகி, அடுக்களை முழுக்கப் புகை. நல்ல வேளையாகப் பின்கதவைத் தாழிடவும் மறந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் புகையைப் பார்த்து முற்றத்துச் சுவரேறி உள்ளே வந்து கேஸை மூடியிருக்கிறார். சாயங்காலம் நான் வந்து இறங்கியதும், "அரே பெஹன்ஜி, ஆஜ் தோ பச் கயே!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். தப்பித்தோம் என்றார். ஒரு மறதி வீட்டைக் கொளுத்தப் பார்த்தது, இன்னொரு மறதி காப்பாற்றியது. இப்போது சிரிக்க முடிகிறது. அன்றைக்கு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சேதி கரோல் பாகுக்கு எட்டியது. அங்கே என் கணவரின் அக்கா இருந்தார், எனக்கு மதினி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கரோல் பாகில் அதே மாடி வீட்டில் குடியிருப்பவர். மகனோடு இருந்தார். அவருடைய கணவர் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மதினி கதவு மேல் விரல் வைத்துத் தூசி பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து கருகின பாத்திரத்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, இது உன்னால ஆவுற காரியமில்ல. வேலைய விட்டுரு. ஒருத்தர் சம்பளத்துல குடும்பம் நடக்காமலா போயிரும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நீ மாறப் போறதில்ல, வீடாவது பொழச்சிப் போவட்டும்."

நான் சண்டை போட்டிருக்கலாம். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை எனக்கு. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் நான் தினமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்ததுதான். என் வக்கீலே எதிர்க்கட்சி என்றால் நான் யாரை வைத்து வாதாடுவது? "சரி மதினி, தசரா முடியட்டும், எழுதிக் குடுத்துருதேன்" என்றேன். மறுநாள் பிரிவு அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லியும் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சோச் லீஜியே, மேடம்" என்றார். யோசித்துக்கொள்ளச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அன்றைக்கு அதில் முதுகு நேராகவில்லை.

தசராவும் வந்தது. தில்லி முழுக்க மைதானத்துக்கு மைதானம் ராம்லீலா ஒலிபெருக்கிகள் அலறிக்கொண்டிருந்தன. எங்களுக்கு ஆயுத பூஜை. கணவர் வீட்டு வழக்கம் கொஞ்சம் தாராளமானது. மற்ற வீடுகளில் பெயருக்கு ஒரு கத்தரிக்கோலும் நாலு புத்தகமும் வைப்பார்கள். இவர்கள் வீட்டில் உழைக்கிற பொருள் ஒன்று பாக்கியில்லாமல் பூஜைக்கு வர வேண்டும். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு.

ஆபீஸில் விருப்ப விடுமுறை எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க ஆயுதங்களைக் கண்டுபிடிப்பதிலேயே போயிற்று. ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளி அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. கத்தரிக்கோல் மெத்தைக்கு அடியில். தேங்காய்த் துருவி கூலருக்கு மேல் ஏறியிருந்தது. அது எப்படி அங்கே போயிற்று என்று இன்றுவரை துப்பு துலங்கவில்லை. ஒவ்வொன்று அகப்படும்போதும் எனக்கு ஒரு வசை. இந்த லட்சணத்தில் வேலை வேறு கேட்கிறதா உனக்கு என்று சொல்லிச் சொல்லித் துடைத்தேன்.

பூஜை நாள் காலையில் சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வடை, பாயசம், மத்தியானச் சமையல் எல்லாம் முடித்து, மிக்ஸியையும் அரிவாள்மனையையும் கடைசியாகக் கழுவி வைத்தேன். அடுப்புக்கும் பொட்டு வைத்தாயிற்று. கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டோம். நான் எழுந்து, அப்பாடா என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அந்த வினாடி பார்த்து கணவர் சொன்னார்:

"ஏளா, ஒரு காப்பி."

கூடவே மகள்: "எம்மா, என் பச்ச துப்பட்டா எங்க? ஜல்தி, ஃப்ரெண்டு வெளிய நிக்கா."

நான் பூஜையைப் பார்த்தேன். மிக்ஸிக்குச் சந்தனம். இட்லிச் சட்டிக்குச் சந்தனம். வருஷம் முழுக்க அரிசி டிரம்முக்குப் பின்னால் தூங்கின திருப்புளிக்குக்கூடச் செவ்வந்திப்பூ. எல்லாம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. விடிவதற்கு முன்னால் எழுந்து அவற்றையெல்லாம் பூஜைக்கு ஏற்றினவள் மட்டும் காப்பி போடப் போக வேண்டும். எனக்குள் என்னவோ அறுந்தது. கோபம்தான், ஆனால் முதல் தடவையாக என்மேல் இல்லாத கோபம்.

ஒரு பலகையை எடுத்து மிக்ஸிக்குப் பக்கத்தில் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"என்னளா?"

"நானும் இந்த வீட்டு ஆயுதந்தான். நாளைக்குக் காலையில எடுத்துக்கிடுங்க."

கணவர் ஒரு நிமிஷம் விழித்தார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துப்பட்டாவையும் வாசலில் நின்ற தோழியையும் மறந்துவிட்டு ஓடிவந்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் இரண்டு புறங்கையிலும் வட்டமாக அப்பி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு செவ்வந்தியும் செருகினாள். "பர்ஃபெக்ட்! எப்பா, தொடக்கூடாது, கேட்டியளா?" என்றாள்.

சரியாக அந்த நேரத்துக்கு மதினி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

உள்ளே வந்தவர் மிக்ஸிக்கும் குக்கருக்கும் நடுவில் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னடே இது கூத்து? இவளுக்கு என்ன ஆச்சு?" என்று தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "ஆயுத பூஜ, அக்கா" என்றார். அதைவிட நல்ல விளக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. பிடிவாதம் எனக்குப் பிறவிச் சொத்து. கணவரே மத்தியானச் சாப்பாட்டை எடுத்துப் பரிமாறினார். எனக்கு இலையைப் பூஜையிடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். கைச் சந்தனம் அழியாமல் சாப்பிட்டேன். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து சோலே பட்டூரே வந்தது. மதினி என் பக்கம் திரும்பாமலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

வேலையில்லாமல் ஒரு பகல் முழுக்க ஓரிடத்தில் உட்கார்ந்தது என் நினைவில் அதுதான் முதல் தடவை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மிக்ஸி. இட்லிக்கு நிறைய உளுந்து போட்டு அரைத்தால் சூடேறி நின்றுவிடும். நின்றால் என்ன செய்வோம்? யாராவது அதை மூதேவி என்று திட்டியிருக்கிறோமா? கவிழ்த்து, அடியிலிருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மாவைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டுவோம். ஓடும். இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. ஒரு இரும்புச் சாமானுக்குத் தெரிந்து காட்டும் தயவை, அதை ஓட்டுகிறவளுக்கு நான் ஒரு நாளும் காட்டியதில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தனக் கையால் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் சந்தனம்.

அப்போதே கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன், எழுதிக் கொடுப்பதை இப்போதைக்குச் செய்யப்போவதில்லை என்று. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பொங்கல் வரைக்கும் பாரு. வீடு ஒரு நெலைக்கு வந்தா இரு. இல்லன்னா அக்கா சொல்லுத மாதிரிதான்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பொங்கல்வரை தவணை.

விஜயதசமி அன்று தொடங்கினது விளங்கும் என்பார்கள். மறுநாள் காலையில் ஆயுதங்களை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுப்பது வழக்கம். அரிவாள்மனையை அப்படி எடுத்தேன், காய் நறுக்கினேன். நறுக்கி முடித்து அதை வழக்கம்போல் காலால் ஓரமாகத் தள்ளப் போனேன். தள்ள முடியவில்லை. இப்போதுதானே கண்ணில் ஒற்றிக்கொண்டோம்! கழுவி, துடைத்து, மறுபடி ஒற்றிக்கொண்டு சுவரோரம் சாத்தி வைத்தேன். பத்திரமாக வைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை எனக்கே உத்தரவு போட்டிருக்கிறேன், ஒரு உத்தரவும் எடுபட்டதில்லை. இது எடுபட்டது. கண்ணில் ஒற்றின பொருளைக் கட்டிலில் வீசி எறிய நம் ஆட்களுக்குக் கை வராது.

அன்றிலிருந்து அதுவே என் பழக்கம். எதை எடுத்தாலும் வேலை முடிந்ததும் துடைத்து, கண்ணில் ஒற்றி, அதனிடத்தில் வைப்பேன். நம் வீடுகளில் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். சொன்னால் யாரோ அசலார் மாதிரி இருக்கும். பொருளிடம் சொல்ல அந்தக் கூச்சமில்லை.

வீட்டில் கேலி செய்தார்கள். மகள் டி.வி. ரிமோட்டைக் கண்ணில் ஒற்றி, "தன்ய ஹோ, தேவா" என்று கும்பிட்டு என்னைச் சிரிக்க வைப்பாள். கணவர் ஸ்கூட்டர் சாவியை ஒற்றிக்கொண்டு, "போதுமா, மகாராணி?" என்பார். பண்ணட்டும் என்று விட்டேன். கேலிக்காக ஒற்றினாலும் ஒற்றின பிறகு அவர்களுக்கும் கை வரவில்லை. ரிமோட் டி.வி. மேலேயே இருக்கத் தொடங்கியது. சாவி ஆணியில் தொங்கியது. நடுக்கூடத்தில் நின்று "எங்க?" என்று கேட்கும் குரல் மெல்ல மெல்ல நின்றுபோனது. ஒரு நாள் காலையில் கணவர் காப்பியைக் குடித்து முடித்து, காலி டம்ளரைக் கண்ணில் ஒற்றினார். ஒற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் கேலி இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் நன்றி அதுதான், அதுவும் டம்ளர் வழியாக.

எல்லாம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போயிற்று என்று சொன்னால் நீங்கள் நம்பாதீர்கள். டிசம்பரில் குளிர் இறங்கியது. தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துவிடும். மூடுபனியில் பஸ் தாமதம், மின்சாரம் போய்ப் போய் வந்தது. பழக்கமெல்லாம் ரஜாய்ப் போர்வைக்குள் புகுந்து படுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் திறந்து பார்க்கிறேன், நாற்காலி மேல் பழையபடி துணி மலை, அடுக்களையில் கழுவாத பாத்திரம். கத்தரிக்கோல் மறுபடி மெத்தைக்கு அடியில். "மூதேவி, உனக்கெல்லாம்..." என்று பழைய ரேடியோ தொடங்கிவிட்டது.

"எம்மா, சிவப்பு பட்டன்!" என்று உள்ளறையிலிருந்து மகள் கத்தினாள். மிக்ஸி விஷயத்தை அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்.

வாயை மூடினேன். துணி மலையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு டம்ளர் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் போய் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் இப்படி ஒரு சறுக்கல் வந்தால் நாள் முழுக்க என்னைக் கிழிகிழியென்று கிழிப்பேன். கிழித்து முடித்ததும் துணி மடிக்கத் தெம்பிருக்காது. மறுநாள் இன்னும் கொஞ்சம் குவியும், அதற்கு இன்னும் கொஞ்சம் வசை. இதுதான் இத்தனை வருஷமாக நடந்திருக்கிறது. என் வீட்டைக் குப்பையாக்கியது என் சோம்பேறித்தனம் இல்லை, என் வாய்தான். அன்று காப்பி குடித்து முடித்ததும் எழுந்து பாதித் துணியை மடித்தேன். பாதிதான். மாவைப் பாதியாக்கி ஓட்டுகிற மாதிரி. மீதி மறுநாளைக்கு.

அந்த மாதக் கடைசியில் மதினிக்குக் கண்புரை ஆபரேஷன். குளிர்காலத்தில் செய்துகொண்டால் சீழ் பிடிக்காது என்று எல்லோரும் குளிருக்குத்தான் நாள் குறிப்பார்கள். கரோல் பாக் மாடிப்படி ஏறி இறங்க முடியாது, எங்கள் வீடோ கீழ்த்தளம். அதனால் எங்களோடு இருக்கட்டும் என்றார் கணவர். மதினிக்கு மனசே இல்லை. கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு ஆட்டோவை விட்டு இறங்கும்போதே, "உன் வீட்டுல சொட்டு மருந்து தொலஞ்சி போச்சுன்னா என் கண்ணு போயிரும், கேட்டியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கும் முன் என்று சொட்டு விட வேண்டும், தப்பக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்குமா இருக்காதா என்பதில்தான் இப்போது ஒரு மனுஷியின் கண்பார்வையே இருந்தது.

மருந்துக் குப்பியைச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இந்த ஒரு பொருளை ஒற்றும்போது மட்டும் உள்ளுக்குள் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், தலை சுற்றிக் கட்டிலிலேயே விழுந்தேன். அவ்வளவுதான், இன்றைக்கு எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். டிரம் நிரம்பாது, டிபன் கிடையாது, சொட்டு மருந்து தப்பிவிடும். மதினி ஊரெல்லாம் சொல்வார், நான் வேலையை விட வேண்டியதுதான். வாய் வழக்கம்போல் திறந்தது. திறந்ததை மூடிக்கொண்டு, ரஜாயை இழுத்துப் போர்த்திக் காதை மட்டும் வெளியே வைத்தேன்.

கேட்டுக்கொண்டே கிடந்தேன். டிரம்மில் தண்ணீர் விழுந்தது, கணவரின் இருமல் பக்கத்தில் கேட்டது. அடுக்களையில் மகள். குக்கர் மூடி தட்டுப்பட்ட சத்தம், விசில், பிறகு அடுப்புத் திருகை மூடும் 'டக்'. யாரும் "எங்க?" என்று கேட்கவில்லை. ஒரு தடவைகூட. அடுத்து மகளின் குரல் கூடத்திலிருந்து வந்தது.

"அத்த, கண்ண மேல பாருங்க. அசையாதீங்க. ஒண்ணு... ரெண்டு... ஹோ கயா, முடிஞ்சிட்டு."

"மருந்த எடுத்த எடத்துல வச்சியா?"

"வச்சிட்டேன் அத்த. அது எப்பவும் அங்கனதான் இருக்கும்."

நான் ரஜாய்க்குள் சிரித்தேன். உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, பல் தந்தியடிக்க, அப்படி ஒரு சந்தோஷம். இந்த வீடு நடக்கிறது. நான் படுத்திருக்கும்போதும் நடக்கிறது. கணவர் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார், உப்பு கூடியிருந்தது. அமிர்தம் என்று சொல்லிக் குடித்தேன். அன்று பகலில் அறையில் தனியாகக் கிடந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, என் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றியபின் அந்தக் கைகளை ஏச எனக்கு மறுபடி வாய் வரவில்லை.

பொங்கலுக்குள் உடம்பு தேறிவிட்டது. மதினியின் கண்ணும் ஆறிக் கறுப்புக் கண்ணாடிக்கு வந்திருந்தார். பொங்கல் சாப்பாட்டின்போது நானே பேச்சை எடுத்தேன்.

"மதினி, வேலைய நான் விடப் போறதில்ல."

கணவர் சோற்றிலிருந்து தலையெடுக்காமல், "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். மகள் "யெஸ்!" என்று இலையில் ஓங்கித் தட்டினாள், ரசம் தெறித்தது. மதினியோ பாயசத்தைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். இருக்கட்டும், அதற்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, டிபன் கட்டி, தலை வாரிக்கொண்டிருந்தேன். மதினி பின்னால் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏளா, உனக்குத் தெரியாது. நானும் வேல பாத்தவதான். கரோல் பாக் வந்த புதுசுல, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல. நல்லா இருந்துச்சு. காதுல மாட்டிக்கிட்டு 'ஹலோ, நம்பர் ப்ளீஸ்'னு சொன்னா எனக்கே நான் பெரிய ஆளு மாதிரி இருக்கும்."

என் கையில் சீப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"வீடு குப்பையா கெடக்குன்னு வாறவ போறவ எல்லாம் சொன்னாளுவ. நானும் எனக்கு வெளங்காதுன்னு நெனச்சி எழுதிக் குடுத்துட்டேன்." கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வீடு அதுக்கப்பறமும் அப்பிடியேதான் கெடந்துச்சு. வேல மட்டுந்தான் போச்சு."

கதவில் விரல் வைத்துத் தூசி பார்க்கும் மனுஷி எத்தனை வருஷம் தன்னைத்தானே ஏசியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்துவிட்டு, "போ, போ. பஸ்ஸு உனக்காவ நிக்குமாக்கும்?" என்று விரட்டினார்.

ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். இருக்கை கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடுபனி கலைந்து சாலை தெளிந்துகொண்டிருந்தது. கண்ணில் நீர் வழிய, யார் பார்த்தால் என்ன என்று சிரித்துக்கொண்டே போனேன்.

ஆபீஸில் நேராகப் பிரிவு அதிகாரியின் மேஜைக்குப் போனேன். "சார், மே நஹீ ஜா ரஹீ" என்றேன். நான் போகவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "அச்சா" என்றார். பிறகு தடிமனான ஒரு கோப்பை என் பக்கம் நகர்த்தி, "தோ இஸே தேக் லீஜியே" என்றார். அப்படியென்றால் இதைப் பாருங்கள்.

பார்த்தேன். ஓய்வு பெற்ற நாள்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.